கதை எழுதும்போது வீட்டில் நடந்த, மறக்க முடியாத ஒன்று: உங்கள் அனுபவம்?

இரவுப்பக்கம்:
மூன்று வாரம் ஆகிறது, மனசை விட்டுப் போகவில்லை. ஆன்லைனில் நான் எழுதுகிற தொடர்கதையின் முப்பதாவது எபி, அதாவது எபிசோட். ஹீரோவும் ஹீரோயினும் மனம் விட்டுப் பேசுகிற இடம். 'யூடி (அப்டேட்) எப்போ சிஸ்' என்று வாசகர்கள் நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரி துணி மடிக்க உட்கார்ந்தவள், மடிப்பதை விட்டுவிட்டுப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அவன் கேட்டுவிட்டான். அவள் என்ன பதில் சொல்வாள் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குப் பிடிபட்டது. சின்னவள் வந்து நின்றது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. பெரியவன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "அம்மா கதைக்குள்ள இருக்காங்க, அப்புறம் வா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாள் பழக்கம் மாதிரி சொன்னான்.

எபியைப் போட்டுவிட்டுப் போர்வை சரிசெய்யப் போனேன். தூக்கத்திலும் கையை இறுக்கி மூடியிருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். முதல் பால்பல். அரிசி அளவுதான், அடியில் காய்ந்த சிவப்பு. அந்த எபிக்கு வந்த கமெண்ட்டை இன்னும் நான் திறக்கவில்லை.

அரைமணிநேரம்:
சிஸ், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. எனக்கும் ஒன்று நடந்தது. மகளின் வகுப்பு முடியும்வரை காரில் உட்கார்ந்து குரல் தட்டச்சில் எழுதுவேன். ஒருநாள் ஹீரோ "உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன்" என்கிறான். அடுத்த வரியில் "அப்பா கதவைத் திற நனையறேன்" என்று இருந்தது. போனுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்த வரியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. நேரத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அரை மணி என்றால் அரை மணி, டைமர் அடித்தால் பாதி வாக்கியத்தில்கூட எழுந்துவிட வேண்டும். பாதியில் விட்டால் மறுநாள் தொடங்குவதும் சுலபம், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. கணக்குப் பாருங்கள்: நாளுக்கு 300 சொல், வாரத்தில் 5 நாள், 1,500 ஆகிறது. 50,000 சொல் நாவல் 34 வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம், எழுத எழுத எபி போடாதீர்கள். பத்து எபி கையில் வைத்துக்கொண்டு கதையைத் தொடங்குங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் வாசகர்களுக்கு யூடி போய்க்கொண்டிருக்கும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியை நோரா ராபர்ட்ஸ் 1979-ல் பனிப்புயலில் இரண்டு சின்னப் பையன்களோடு வீட்டில் அடைபட்டிருந்தபோதுதான் எழுதவே ஆரம்பித்தார். முதல் நாவல் 1981-ல் வந்துவிட்டது. அவரால் முடிந்தது நம்மாலும் முடியும்.

மௌனமொழி:
சகோ, அவர் வழி கேட்கவில்லையே. பல்லைப் பற்றிச் சொன்னார், நீங்கள் டைமர் வைக்கச் சொல்கிறீர்கள். உங்கள் 34 வாரத்தில் திருத்தி எழுதுகிற நாள் எங்கே? சண்டைக் காட்சியை அரை மணிக்குள் எழுதிவிடலாம். ஒருத்தி தயங்கித் தயங்கிச் சம்மதிக்கிற இடம் அப்படி வராது. அவளுடைய தயக்கத்துக்குள் நாமும் கொஞ்ச நேரம் இருந்தாக வேண்டும். அங்கிருந்து டைமர் அடித்ததும் எழுந்து வர என்னால் முடிந்ததில்லை.

என் விஷயம் வேறு. என் கணவர் என் கதை எதையும் படித்ததில்லை. மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருந்த மாதத்தில் ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். தண்ணீர் எடுக்க நான் எழுந்த நேரத்தில் இவர் போனில் ஒரு பக்கம் படித்துவிட்டார். அதில் ஹீரோ அவளிடம் 'இன்னைக்கு ரொம்பக் களைச்சுட்டியா?' என்று கேட்பான், அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இவர், "நான் உன்னை இப்படிக் கேட்டதே இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் தன் அம்மாவின் தலையணையைச் சரிசெய்யப் போய்விட்டார். நான் அந்தக் காட்சியை எழுதும்போது அவரை நினைக்கவே இல்லை, உண்மையாகவே. அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

இரவுப்பக்கம்:
இரண்டு பேருக்கும் நன்றி. சகோ, பத்து எபி கையில் வைத்துக்கொள்வதை முயற்சி செய்கிறேன், அது நல்ல யோசனை. மௌனமொழி சிஸ், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நேற்று சின்னவளிடம், "பல்லைக் காட்டத்தானே அன்னைக்கு வந்தே?" என்று கேட்டேன். "இல்லம்மா, ரத்தம் வந்துச்சு, பயமா இருந்துச்சு. அண்ணன் வாய் கொப்பளிக்க வெச்சான்" என்றாள்.