சாம்பல் போட்ட செடிகள் மஞ்சளாகின்றன: உடனடி உதவி தேவை

மாடித்தோட்டம்:
சாம்பல் நல்ல இயற்கை உரம் என்று படித்ததிலிருந்து என் மிளகாய், தக்காளிச் செடிகளுக்குத் தொடர்ந்து போட்டு வருகிறேன். இப்போது இலைகள் மஞ்சளாகி, வளர்ச்சியும் நின்றுவிட்டது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை; தண்ணீரும் தவறாமல் ஊற்றுகிறேன். செடிகளைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

தும்பை:
எதை எரித்த சாம்பல், எவ்வளவு போட்டீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? செடிகள் தரையில் உள்ளனவா, தொட்டியில் உள்ளனவா? மஞ்சள் நிறம் அடி இலைகளில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் மிகவும் முக்கியம்.

ஈரமண்:
இது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைபாடுதான். எரியும்போது தழைச்சத்து வாயுவாக வெளியேறிவிடுவதால் சாம்பலில் அது அநேகமாக இருப்பதே இல்லை. சாம்பலை மட்டும் நம்பி வளரும் செடி வெளுக்கத்தான் செய்யும். சிறிது யூரியா போடுங்கள், சரியாகிவிடும்.

வேலிப்பருத்தி:
எனக்கு மக்னீசியக் குறைபாடு என்று தோன்றுகிறது. சாம்பலில் சாம்பல் சத்தாகிய பொட்டாசியம் மிகுதி. அது அளவுக்கு மீறினால் வேர்கள் மக்னீசியத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் தடுக்கும். என் தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது.

ஆலமரம்:
அடிப்படையைப் படிக்காமல் உரம் போடுவதும், செடி வாடியபின் இங்கு வந்து கேட்பதும் வழக்கமாகிவிட்டன. மரச்சாம்பலின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து; அதன் பி.எச். அளவு (புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்; ஏழுக்கு மேல் காரம்) பெரும்பாலும் பத்துக்கு மேல் இருக்கும். அதை உரம் என்று நினைப்பதைவிட மண்ணின் புளிப்பைப் போக்கும் பொருள் என்று நினைப்பதே சரி. மண்ணின் பி.எச். அளவைச் சோதித்தீர்களா என்று ஒருவர்கூட இதுவரை கேட்கவில்லை.

மாடித்தோட்டம்:
விவரங்களைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். மரக்கட்டைகளை எரித்த சாம்பல். ஒரு அடி அகலமுள்ள தொட்டிகள். வாரம் ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வீதம் இரண்டு மாதமாகப் போட்டேன். கொழுந்து இலைகள்தான் மஞ்சளாக உள்ளன, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. நேற்று யூரியாவைச் சாம்பலோடு கலந்து போட்டு நீர் ஊற்றினேன். இன்று தொட்டிக்கு அருகில் குனிந்தால் மூக்கை அரிக்கும் நெடி அடிக்கிறது.

தும்பை:
இப்போது படம் தெளிவாகிறது. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து கொழுந்துக்கு அனுப்பிவிடும் என்பதால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி இடம் பெயராது என்பதால் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. காரத்தன்மை ஏறிவிட்டதால் வேருக்கு எட்டாத வடிவத்தில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தரைத் தோட்டத்தில், அதுவும் புளிப்பு மண்ணில், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 70 கிராம் அளவில் போடலாம். உங்கள் தொட்டியின் மேற்பரப்புக்கு அது 5 கிராம்தான் வரும். கைப்பிடிக்கு 20 கிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், எட்டு வாரங்களில் நீங்கள் 320 கிராம் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் முகர்ந்த நெடி அம்மோனியா. காரத்தோடு சேர்ந்ததும் யூரியாவின் தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. புதிய சாணத்தோடு சாம்பலைக் கலந்தாலும் இதுவே நடக்கும்.

சாம்பலை உடனே நிறுத்துங்கள். மேல்மண்ணில் தெரியும் சாம்பலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியாக நீர் நன்றாக வடியும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றினால் உப்புகள் கரைந்து வெளியேறும். சுண்ணாம்பு அப்படி எளிதில் கரையாது என்பதால், இயலுமானால் வேர் கலையாமல் பாதி மண்ணையாவது மாற்றுங்கள். அதுவரை கொழுந்துக்கு இரும்புச்சத்துக் கரைசலை இலைவழியாகத் தெளிக்கலாம்.

ஈரமண்:
யூரியா போடச் சொன்னது என் தவறு. விவரம் கேட்ட பிறகு சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காய்ந்த கிளையையும் சருகையும் எரிப்பதே வீண். மக்கவிட்டால் தழைச்சத்தும் கரிமமும் (கார்பன்) மண்ணுக்கு வரும். எரித்தால் இரண்டும் புகையாகிப் போகின்றன.

ஆலமரம்:
எல்லாவற்றையும் மக்கவிட முடியாது. மரத்தூளைப் பச்சையாக மண்ணில் கலந்து பாருங்கள். அதில் தழைச்சத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு கரிமம் இருப்பதால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும்.

ஈரமண்:
மண்ணோடு கலக்கச் சொல்லவில்லையே. மூடாக்காக மேலே பரப்பினால் அந்தச் சிக்கல் மேற்பரப்போடு நின்றுவிடும். பச்சைத் தழையோடு அடுக்கி மக்கவைத்தால் அதுவும் இராது.

வேலிப்பருத்தி:
எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல என்பதையும் சேர்க்க வேண்டும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, பொட்டாசியம் குறைவு. வண்ணம் பூசிய மரம், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம், நிலக்கரி ஆகியவற்றின் சாம்பலைத் தோட்டத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அவற்றில் ஆர்சனிக் போன்ற நச்சுகள் இருக்கலாம்.

மாடித்தோட்டம்:
மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பாதி மண்ணை மாற்றினேன். மிளகாயில் புதிதாக வந்த இலைகள் பச்சையாக உள்ளன, பழைய மஞ்சள் இலைகள் மாறவில்லை. தக்காளியில் இரண்டு செடிகள் பட்டுப்போயின. மீதி ஒரு மூட்டைச் சாம்பல் வெளியில் இருக்கிறது, அதை என்ன செய்வது?

தும்பை:
மழை படாத இடத்துக்கு இன்றே மாற்றுங்கள். நனைந்தால் பொட்டாசியம் கரைந்து ஓடிவிடும். ஈரக்கையால் அள்ளாதீர்கள், தோல் அரிக்கும்.