பிக்கப் தூக்கினவங்க வாங்க: கம்மி காசுல 2 இன்ச்சு, யாருக்கு என்ன ஆச்சு?

ரவாங் ரெவோ:
வணக்கம் எல்லாருக்கும். நம்ம காடி டொயோட்டா ஹைலக்ஸ் ரெவோ பிக்கப், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. வாரநாள்ல ரவாங்ல இருந்து கேஎல் ஆபீஸ், லீவுன்னா பத்தாங் காலி பக்கம் மாமனார் தோட்டம், மழை பேஞ்சா அந்த மண்ரோட்டு நடுமேடு அடியில உரசிக்கிட்டே வருது. சரி காடியை 2 இன்ச்சு உயரம் தூக்கிடலாம்னு விசாரிச்சா ஒரு கடையில முன்னாடி ஸ்பேசர் (உயரம் ஏத்துற கட்டை), பின்னாடி நீட்டு ஷேக்கிள் (பட்டை ஸ்ப்ரிங்கை சேசிஸோட இணைக்கிற துண்டு), ஆயிரம் வெள்ளிக்குள்ள முடிச்சிடலாம் பாஸ்ங்கிறான், அடுத்த கடையில ஸ்ப்ரிங், அப்சோபர் (குலுக்கலை அடக்குறது) எல்லாம் சேர்த்து முழு செட்டுதான் போடணும்னு சொல்லி மூவாயிரத்துக்கு மேல கணக்கு போடுறான். ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் வழி இருக்கா? கேட்லாக்ல இருக்கிறத நானே படிச்சிட்டேன், போட்டு ஓட்டினவங்க, கழட்டிப் பார்த்தவங்க, சும்மா பக்கத்துல உக்காந்து போனவங்க கூட சொல்லுங்க.

பாலேக் பூலாவ் டுரியான்:
தம்பி, பின்னாடி என்ன ஏத்துவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே, அதான் முதல் கேள்வி. நான் பழைய வீகோ (முந்தின ஹைலக்ஸ்) வச்சிருக்கேன், டுரியான் சீசன்ல மலைத்தோட்டத்துல இருந்து கூடை கூடையா இறக்குவோம், அப்ப பின்னாடி பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்) தட்டையா போயி பம்ப் ஸ்டாப்ல, அதான் தடுப்பு ரப்பர்ல, இடிக்கும். அதுக்காக கனமான லீஃப் செட்டு, எப்பவும் ஒரு 300 கிலோ மேல இருக்கும்னு கணக்கு பண்ணி செஞ்சது, அதப் போட்டேன். சீசன்ல ராஜா மாதிரி போகும். சீசன் முடிஞ்சி வெறும் காடியா ஜார்ஜ்டவுன் போனா என் வீட்டம்மா ஏற மாட்டேங்குது, ஒவ்வொரு மேடுலயும் பின்பக்கம் குதிக்குது, ஈர ரோட்டு வளைவுல பின் டயர் ஒட்டாம லேசா வழுக்குது. எனக்குத் தேவை இருக்கு, பொறுத்துக்கிறேன். உங்களுக்கு மாமனார் தர்ற வாழைத்தார் ரெண்டுக்கு இது எதுக்கு?

ஷேக்கிள் பத்தி: என் பக்கத்து தோட்டத்துக்காரர் அதான் போட்டிருக்காரு. 2 இன்ச்சு நீளம் கூட்டினா தூக்குறது 1 இன்ச்சுதான், பட்டையோட ஒரு முனை மட்டும்தானே இறங்குது. கடைக்காரன் சொல்ற இன்ச்சு ஷேக்கிளோட இன்ச்சா காடியோட இன்ச்சான்னு கேட்டுக்குங்க. கூடவே ஆக்சில் லேசா திரும்பிடும், பினியன் ஆங்கிள், அதாவது டிரைவ் ஷாஃப்ட் வந்து சேர்ற கோணம், மாறும், அவரு காடியில கிளம்பும்போது ஷாஃப்ட்ல ஒரு நடுக்கம் வருது, அவருக்கு அது பழகிப்போச்சு.

செகாம்புட் போமன்:
ரெண்டு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன், நீண்டுடும் போல இருக்கு. ஸ்பேசர்னா எல்லாரும் ஒரே சாமான்னு நினைக்கிறாங்க, கிடையாது. ஸ்ட்ரட் (முன் ஸ்ப்ரிங்கும் அப்சோபரும் சேர்ந்தது) தலைக்கு மேல வைக்கிறது ஒன்னு, ஸ்ப்ரிங்குக்கும் தலைக்கும் நடுவுல சொருகுறது இன்னொன்னு. தலைக்கு மேல வைக்கிறதுல ஸ்ப்ரிங் கடினம் மாறாது, ஓட்டுறதுக்கு ஒரிஜினல் மாதிரியே இருக்கும், ஆனா ஸ்ட்ரட்டே மொத்தமா கீழ இறங்கி உக்காருது. கீழ்க்கையில (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ் ஆர்ம்) ஸ்ட்ரட் மாட்டுற இடம் சக்கரத்துக்கு உள்பக்கம் தள்ளி இருக்கிறதால மேல 1 இன்ச்சு வச்சா டயர்கிட்ட ஒன்னரைல இருந்து ரெண்டு வரைக்கும் வந்திடும். இது தெரியாம 2 இன்ச்சு வேணும்னு 2 இன்ச்சு கட்டையை வச்சு அனுப்பின காடி நம்ம பட்டறைக்கு வந்திருக்கு, பள்ளத்துல சக்கரம் தொங்கும்போதெல்லாம் மேல்க்கை ஸ்ப்ரிங்ல போய் உரசி பெயிண்ட் போயி இரும்பு தெரிஞ்சிச்சு, சிவி பூட் (முன் ஆக்சில் மூட்டை மூடுற ரப்பர்) மடிஞ்சி கிழிஞ்சி கிரீஸ் எல்லாம் ரிம்முக்குள்ள. காடிக்காரரு பாவம், சத்தம் எங்க வருதுன்னு டயர் மாத்தி பேரிங் மாத்தி கடைசியாதான் நம்மகிட்ட வந்தாரு.

நடுவுல சொருகுற ஸ்பேசர் ஸ்ப்ரிங்கை இன்னும் அமுக்கி வைக்குது, காடி ஏறும், ஆனா அப்சோபர் அதே பழசு, அது கீழ விரிய இடம் குறைஞ்சிடும், அதனால காடி விறைப்பா தெரியும். லட்சம் கிலோமீட்டர் ஓடின அப்சோபர் மேல ஸ்பேசர் வைக்கச் சொல்லி வர்றவங்களுக்கு நான் வேலை செய்ய மாட்டேன், கோவிச்சிட்டு போனாலும் சரி.

2012க்கு முந்தின டிமேக்ஸ், பழைய ரேஞ்சர் வச்சிருக்கவங்களுக்கு முன்னாடி காயில் ஸ்ப்ரிங்கே இல்ல, டோர்ஷன் பார், முறுக்குல தாங்குற கம்பி. போல்ட்டை முறுக்கினா காடி ஏறிடும், காசே இல்ல. கொஞ்சமா ஏத்தினா பரவால்ல, அதுக்கு மேல போனா சக்கரம் கீழ இறங்க இடமே இல்லாம டக்கு டக்குன்னு தட்டும். அப்புறம் என்பி300 நவாராவுல டபுள் கேப் பின்னாடி காயில், பட்டை கிடையாது. ஆன்லைன்ல லீஃப் செட்டு ஆர்டர் பண்ணிட்டு தூக்கிட்டு வர்றாங்க, சிரிக்கிறதா அழுவுறதா.

பட்டர்வொர்த் காரன்:
நடுவழி கேட்டீங்கல்ல, என் வழி செகண்ட் ஹேண்ட் செட்டு. ஐயன்மேன், ஓல்ட் மேன் இமு, ப்ரொஃபெண்டர் இதெல்லாம் போட்டவங்க காடி மாத்தும்போது கழட்டி விப்பாங்க, பாதி விலைக்குக் கூட கிடைக்கும். எண்ணெய் கசிவு பாருங்க, புஷ் ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாருங்க, முக்கியமா முன் காயில் எந்த வெயிட்டுக்குன்னு கேளுங்க. ஒரே பிராண்டுல ஒரே 2 இன்ச்சுக்கு சாதா பம்பருக்கு ஒரு காயில், இரும்பு புல்பார் வின்ச்சு வச்சவங்களுக்கு இன்னொரு காயில். என் மச்சான் நல்ல விலைன்னு வாங்கினது வின்ச்சு காயில், அவன் காடியில பிளாஸ்டிக் பம்பர்தான், மாட்டி இறக்கினா மூக்கு வானத்தைப் பாக்குது, ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குது. பினாங்கு பாலத்துல காத்து அடிக்கிற நேரம் அந்தக் காடியில போனேன், ஸ்டீரிங் நடுவுல நிக்கவே மாட்டேங்குது. அப்புறம் காயில் மட்டும் மாத்தினான், அதே அப்சோபர்தான், இப்ப நல்லா இருக்கு.

செகாம்புட் போமன்:
அந்த ஸ்டீரிங் கதை காத்தால மட்டும் இல்ல பாஸ். முன்பக்கம் தூக்கினா காஸ்டர் (பக்கத்துல இருந்து பாத்தா ஸ்டீரிங் அச்சோட சாய்வு) குறையும், காஸ்டர் குறைஞ்சா ஸ்டீரிங் தானா திரும்பி வராது. கீழ்க்கை போல்ட்ல அட்ஜஸ்ட் இருக்கு, 2 இன்ச்சு வரைக்கும் பெரும்பாலும் அதுலயே சரி பண்ணலாம். அதுக்கு மேல போனா மேல்க்கை புதுசு வாங்கணும், டிஃப் டிராப் (முன் டிஃபரென்ஷியலைக் கீழ இறக்குற பிராக்கெட்) போடணும், அப்ப நீங்க மிச்சம் பிடிச்ச காசெல்லாம் அங்க போயிடும். அலைன்மென்ட் பண்ற இடத்துல டோ (சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவு) மட்டும் பாத்துட்டு ஓகேன்னு விடுவாங்க, காஸ்டர், கேம்பர் (சக்கரம் சாஞ்சி நிக்கிற அளவு) நம்பர் காகிதத்துல பிரிண்ட் வாங்காம வராதீங்க.

சேராஸ் ட்ரைட்டன்:
அண்ணனுங்க எல்லாம் ஸ்ப்ரிங்லயே நிக்கிறீங்க, பிரேக்கை யாரும் சொல்லல. என் தம்பி பழைய பிக்கப்பை தூக்கினான், அதுக்கப்புறம் கெந்திங் செம்பாவுல இருந்து கொம்பாக் பக்கம் இறங்கும்போது பிரேக் மிதிச்சா முன்பக்கம் மட்டும் குனிஞ்சி கருகின வாசம். நான் பக்கத்துல உக்காந்து சாமியைக் கும்பிட்டுட்டு வந்தேன். கடைசியில என்னன்னா பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பி வால்வு இருக்கு, எல்எஸ்பிவி, பின்னாடி பாரம் எவ்ளோன்னு அது உயரத்தை வச்சுதான் கணக்கு போடும். காடியைத் தூக்கினா பின்னாடி காலியா இருக்குன்னு நினைச்சி பின் பிரேக்கைக் குறைச்சிடும். ஒரு சின்ன பிராக்கெட் போட்டு கம்பியை சரி பண்ணினதும் போச்சு. எல்லா காடியிலயும் இது இருக்காது, உங்களதுல இருக்கான்னு குனிஞ்சி பாருங்க. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் ரெண்டும் சக்கரம் தொங்கும்போது இழுக்குதான்னும் பாக்கச் சொல்லுங்க.

அப்புறம் பார்க்கிங். நிறைய மால்ல 2 மீட்டர் கம்பிதான். ரெவோ சும்மாவே 1.8க்கு மேல, 2 இன்ச்சு தூக்கினா 1.87 கிட்ட, அது நுழைஞ்சிடும், மேல கேரியர் மாட்டினா முடிஞ்சது, வெயில்ல வெளிய போட்டுட்டு நடக்கணும்.

ரவாங் ரெவோ:
ட்ரைட்டன் அக்கா சொன்ன பிராக்கெட் விஷயம் ரெண்டு கடையிலயும் ஒருத்தன் வாய் திறக்கல. போமன் அண்ணே, இன்னொன்னு, 2 இன்ச்சு தூக்கினா அந்த நடுமேடு உரசுறது நிக்குமா? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிரச்சனை வருமா?

செகாம்புட் போமன்:
உரசுறது எதுன்னு பாருங்க தம்பி. சேசிஸ், ஸ்டெப், முன் ஸ்கிட் பிளேட்னா நிக்கும். பின் டிஃப் (டிஃபரென்ஷியல்) உருண்டைன்னா 2 இல்ல 4 இன்ச்சு தூக்கினாலும் அது அங்கயேதான் இருக்கும், ஆக்சில் டயரோட சேர்ந்து நிக்குது, ஸ்ப்ரிங் அதுக்கு மேலதான். அதை ஏத்தணும்னா பெரிய டயர் ஒன்னுதான் வழி. 265/65ஆர்17ல இருந்து 265/70 போனா குறுக்களவு 26 மில்லி கூடும், டிஃப் 13 மில்லி ஏறும், மீட்டர் 100 காட்டும்போது நீங்க 103ல போவீங்க. 285/70 ஆசைப்படுறவங்க நிறைய, மீட்டர் 7 சதவீதம் ஏமாத்தும், பிக்கப் இழுவை குறையும், மட்கார்டு உள்ள வெட்டணும். ஆபீஸ் போற காடிக்கு எனக்கு அது பிடிக்காது.

ஜேபிஜே விஷயத்துல நான் வாய விட மாட்டேன். மாத்தி அமைக்கிறதுக்கு அனுமதி வாங்கணும்னு 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கு, உங்க காடியையும் செட்டையும் சொல்லி நேரா கவுன்டர்ல கேளுங்க, இன்சூரன்ஸுக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க. கம்பெனி பேர்ல வணிகப் பதிவுல இருந்தா புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை மையத்துக்குப் போகணும், அங்க நிக்க வேண்டி வரும்.

ரவாங் ரெவோ:
போய் குனிஞ்சி பாத்தேன், தேஞ்சிருக்கிறது முன் ஸ்கிட் பிளேட்டும் ஸ்டெப்பும், டிஃப்ல கீறல் இல்ல. அதனால ஸ்பேசர் வேணாம்னு விட்டாச்சு. சாதா பம்பர் காயிலோட முன் ஸ்ட்ரட் புதுசா, பின்னாடி லேசான பட்டையோட அப்சோபர், ஷேக்கிள் ஒரிஜினல் நீளம், டயர் தேய்ஞ்சப்புறம் 265/70. மூவாயிரத்தைத் தாண்டல, கொஞ்சம் பேரம் பேசினேன். மாட்டும்போது வேற என்ன பாக்கணும்?

செகாம்புட் போமன்:
யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோட கட்டுறது) பழசைத் திருப்பி மாட்ட விடாதீங்க, ஒரு தடவை இழுத்தது இழுத்ததுதான், புதுசு கேளுங்க. புஷ் போல்ட்டெல்லாம் காடி தூக்கி நிக்கும்போது கையால மட்டும், தரையில இறக்கினதும்தான் கடைசி முறுக்கு, இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பட்டை கொஞ்ச நாள்ல லேசா இறங்கி உக்காரும், அதுக்கப்புறம் யூ போல்ட் ஒரு தடவை இறுக்கிட்டு அலைன்மென்ட் திரும்பப் பாத்துக்குங்க. அதுக்கும் சேத்து இப்பவே விலை பேசிடுங்க, அப்புறம் போனா தனியா பில் போடுவான்.