கற்பனைத் தோழிக்கும் தட்டு வைக்கலாமா?

கேள்வி: 7 வயதுப் பெண். அப்பாவுக்கு வேலை போய் வீட்டில் கடன் நெருக்கடி. கண்ணுக்குத் தெரியாத ‘மீனு’வுக்கும் சோறு கேட்கிறாள். தடுக்கணுமா?

பதில் 1: வேண்டாம். உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவின் 2004 ஆய்வில், 7 வயதுக்குள் சுமார் 65% குழந்தைகளுக்கு இப்படியொரு துணை இருந்திருக்கு. காலித் தட்டு போதும். ‘மீனு திட்டுவா’ன்னு மிரட்டிச் சாப்பிட வைக்காதீங்க, அப்புறம் மீனுவிடம் மனசைத் திறக்க மாட்டாள்.

பதில் 2: அவளே மீனு பேச்சை எடுக்கும்போது, ‘மீனுவுக்கு என்ன பயம்?’னு கேளுங்க. ‘வீட்டைக் காலி பண்ணணுமாம்’னு சொன்னால், கடன் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கு. பொய் சொல்லிச் சமாளிக்காமல், ‘அப்பா வேலை தேடுறார், நாம சேர்ந்துதான் இருப்போம்’னு சுருக்கமா சொல்லுங்க. பெரியவங்க கணக்குவழக்கு அவள் தூங்கின பிறகு.

பதில் 3: மீனு அடிக்கச் சொல்றா, போகச் சொன்னாலும் போகலைன்னு மிரண்டாலோ, தூக்கம் கெட்டாலோ குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்க. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.