நடு வகிடு கட்டிங் ரெண்டு பக்கமும் காளான் மாதிரி விரியுது, எங்க தப்பு பண்றேன்?

சேலம்_கத்திரி:
அண்ணன்மாரே வணக்கம். சேலத்துல ஒரு சின்ன சலூன்ல ரெண்டு வருஷமா வேலை பாக்குறேன். ஃபேடு (சைடுல கீழ ஒட்ட வெட்டி மேல போகப் போக நீளம் கூட்டுறது), ஜீரோ, தாடி செட் பண்றது எல்லாம் கை பழகிடுச்சு. இப்ப வர்ற காலேஜ் பசங்க பாதி பேரு கொரியன் பாட்டுக்காரங்க போட்டோவ காட்டி நடு வகிடுதான் கேக்குறாங்க. நான் என்ன பண்றேன்னா, தலைய நல்லா நனைச்சுட்டு, சைடுல 2 நம்பர் கார்டு (மிஷின் முன்னாடி மாட்டுற அளவு சீப்பு) போட்டு மேல வரைக்கும் மிஷின ஏத்திடுவேன், உச்சில அஞ்சு இஞ்ச் விட்டுருவேன், கனமா இருந்தா தின்னிங் கத்திரி (சீப்பு மாதிரி பல்லு வச்சது, முடிய விட்டு விட்டு வெட்டும்) போட்டு குறைப்பேன். கடைல செட் பண்ணி அனுப்புறப்ப நல்லாத்தான் இருக்கு. தலைக்கு குளிச்ச உடனே ரெண்டு பக்கமும் குடை மாதிரி விரிஞ்சுடுது, முன்னாடி ஒரு பக்கம் நீளமாவும் தெரியுது. போன வாரம் ஒரு பையன் அவங்க அம்மாவ கூட்டிட்டு திரும்பி வந்தான். காசு எல்லாம் கேக்கல, "அண்ணா தொப்பி போட்ட மாதிரி இருக்குண்ணா"ன்னு மட்டும் சொன்னான். மனசு கேக்கல. தெரிஞ்சவங்க சொல்லிக்குடுங்க.

மதுரை_மாஸ்டர்:
தம்பி, நீ எழுதுனதுலயே பதில் இருக்கு. மிஷின "மேல வரைக்கும்" ஏத்துறேன்னு சொன்ன பாரு, அங்கதான் தப்பாப் போகுது.

சீப்ப எடுத்து காதுக்கு மேல தலையோட ஒட்டி நேரா நிமித்தி வை. கொஞ்ச தூரம் தலைய ஒட்டியே போகும், அப்புறம் தலை உள்பக்கமா வளையும், சீப்பு தனியா நிக்கும். அந்த வளையுற எடத்த நாங்க மூலைன்னு சொல்லுவோம். நடு வகிடு முடி ரெண்டு பக்கமும் விழுந்து உக்காருறதே அந்த மூலை மேலதான். அங்க முடி குட்டையா இருந்தா மடங்கி விழாது, வெளியதான் குத்தி நிக்கும், அதுக்கு மேல விழுற நீள முடியையும் சேத்து தள்ளும். உன் காளான் அதுதான். 2 நம்பர்னா 6 மில்லிமீட்டர், அந்த நீளத்துக்கு நம்மூர் முடி முள்ளு மாதிரி நிக்கும். அதனால மிஷின் மூலைக்கு ரெண்டு விரல் கீழயே நின்னுடணும், அங்கேருந்து மூலை வரைக்கும் சீப்பு மேல கத்திரிதான், அதாவது சீப்பால முடிய தூக்கி, சீப்புக்கு வெளிய நீட்டுறத மட்டும் கத்திரியால வெட்டணும். மூலையில இருக்குற முடி காது மேல் நுனியாவது தொடுற அளவு விடு.

அடுத்தது தின்னிங் கத்திரி. வேர்கிட்ட போடவே போடாத. உள்ள குட்டி குட்டியா வெட்டுப்பட்ட முடி பத்து நாள்ல மூணு நாலு மில்லிமீட்டர் வளந்து நிமிந்துக்கும், மேல உள்ளத தூக்கும். கனம் குறைக்கணும்னா நுனியில கடைசி கொஞ்சம் மட்டும், அதுவும் கத்திரிய நிமித்தி நுனியால கொத்துற மாதிரி வெட்டு. உள்ள கனம் இருந்தாத்தான் முடி கீழ இழுத்துட்டு உக்காரும், கனத்த பாத்து பயப்படாத.

முன்னாடி ஏத்த இறக்கம் ஏன்னா, நீ ஒரே எடத்துல நின்னுட்டு ரெண்டு பக்கமும் வெட்டுறேன்னு நினைக்கிறேன். கை எட்டாத பக்கம் நம்மள அறியாம முடிய இழுப்போம். முன் உச்சில ஒரு முக்கோணம் பிரிச்சு, அதுல உள்ள முடி மொத்தத்தையும் மூக்குக்கு நேரா சீவி கொண்டு வந்து, கஸ்டமருக்கு நேர் எதிர்ல நின்னு, மேல் உதட்டு அளவுல வெட்டு. ரெண்டா பிரிச்சு விட்டா நடுவுல உள்ளது குட்டையாவும் ஓரத்துக்கு போகப் போக நீளமாவும் தானா வரும், ஏன்னா ஓரத்து முடி தூரத்துலேருந்து மூக்குக்கு வந்திருக்கு. கடைசில புருவத்துக்கு மேல ரெண்டு பக்கமும் ஒரே எடத்துலேருந்து ஒவ்வொரு கொத்து எடுத்து மூக்குல சேத்துப் பாரு, வித்தியாசம் இருந்தா அங்கயே தெரிஞ்சுடும்.

ஈரோடு_பார்லர்_அக்கா:
நான் லேடீஸ் பார்லர் வச்சிருக்கேன், ஆனா விஷயம் ஒண்ணுதான். தம்பி நீ சொட்டச் சொட்ட நனைச்சு வெட்டுறியா? ஈர முடி இழுத்தா நீளும், காஞ்சா ஏறிக்கும், சுருட்டையா இருந்தா ரொம்பவே ஏறும். ஈரத்துல ஒரு இஞ்ச் கூடவே விட்டுட்டு, காய வச்ச பிறகு கடைசி அளவு வெட்டு.

டிரையர் போடுறப்ப முதல்லயே வகிடு எடுக்காத. வேர மட்டும் முதல்ல இடது பக்கம் தள்ளி காய வை, அப்புறம் வலது பக்கம். இப்படி மாத்தி மாத்தி பண்ணா எந்தப் பக்கமும் படிஞ்சு போகாம வேர் கொஞ்சம் எழும்பி நிக்கும், அதுக்கப்புறம் வால் சீப்பால மூக்கு நேர்ல வகிடு எடுத்தா அழகா வளைஞ்சு விழும். முடிக்கறப்ப குளுந்த காத்து ஒரு நிமிஷம் கண்டிப்பா விடு, சூட்டுல வளைஞ்ச முடி ஆறுனாத்தான் அப்படியே நிக்கும். வகிட்ட பின்னாடி சுழி வரைக்கும் இழுத்துட்டு போகாத, மூணு நாலு இஞ்ச்ல நிறுத்து.

திருச்சி_பையன்:
நான் கஸ்டமர். எனக்கு நெத்தியில வலது பக்கமா சுழி இருக்கு, நடு வகிடு எடுத்தா அந்தப் பக்கம் மட்டும் கொம்பு மாதிரி தூக்கும். மூணு கடைல வெட்டி அப்படியேதான் இருந்துச்சு. நாலாவது கடை அண்ணன் மட்டும் முடிய காய வச்சு கையால கலைச்சு விட்டு தானா எங்க பிரியுதுன்னு பாத்தாரு, அப்புறம் "இப்ப வெட்டாத, மூணு மாசம் வளத்துட்டு வா"ன்னு அனுப்பிட்டாரு. வருமானம் போச்சேன்னு நினைக்கல பாருங்க. வளந்த பிறகு வகிட்ட நடுவுலேருந்து அரை இஞ்ச் சுழி பக்கம் நகத்தி எடுத்தாரு, பாக்குறவங்களுக்கு நடு வகிடுதான். இப்ப ரெண்டு வருஷமா அவர்கிட்டதான் போறேன். அண்ணா, வெட்டுறதுக்கு முன்னாடி சுழி எங்க இருக்குன்னு பாத்துருங்க.

சேலம்_கத்திரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து கடை சாத்துன பிறகு ஃப்ரெண்டு தலைல மாஸ்டர் சொன்ன மாதிரி பண்ணேன். அம்பது நிமிஷம் ஆச்சு. மூலைல முடி விட்டதுல சைடு நல்லா உக்காந்துருச்சு, காலைல அவன் குளிச்சுட்டு போட்டோ அனுப்பினான், விரியல. ஆனா இடது காதுக்குப் பின்னாடி மட்டும் ஒரு மேடு தெரியுது, வலது பக்கம் இல்ல.

மதுரை_மாஸ்டர்:
காதுக்குப் பின்னாடி எலும்பே அங்க மேடுதான் தம்பி, தடவிப் பாரு. சில பேருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. எலும்பு துருத்துற எடத்துல முடிய இன்னும் கொஞ்சம் குறைச்சு, அதுக்குக் கீழ பள்ளத்துல கொஞ்சம் விட்டுரு, வெளிய பாக்குறப்ப சமமா தெரியும். கஸ்டமர தலை குனிய வச்சு வெட்டாத, நேரா உக்கார வச்சு வெட்டு. அம்மாவோட திரும்பி வந்த அந்தப் பையனையும் போன் பண்ணி வரச் சொல்லு, மூலைல முடி வளர சில மாசம் ஆகும், அதுவரைக்கும் நுனிய மட்டும் சரி பண்ணி விடு.