ஹெலிகாப்டர் பைலட் விண்ணப்பம்: எதை வலுப்படுத்துவது?

வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் ஐந்து வருடமாக இருக்கிறேன், இப்போது சார்ஜென்ட், வேலை முழுக்க லாரி எஞ்சின்களோடுதான். வாரண்ட் ஆபீசராகி (சார்ஜென்டுக்கு மேலே, ஒரு துறையில் நிபுணராக இருக்கும் அதிகாரி) ஹெலிகாப்டர் ஓட்ட விண்ணப்பம் தயார் செய்கிறேன். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

ராணுவத் திறனறித் தேர்வில் ஜிடி (பொதுத் தொழில்நுட்பத் திறன்) மதிப்பெண் 118, கேட்பது 110 என்பதால் அதில் கவலையில்லை. பைலட் பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சிஃப்ட் தேர்வில்தான் 46. தேர்ச்சிக்கு 40 போதும், ஆனால் 80 வரை போகிற அளவில் 46 என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எண் இல்லை. (கணக்குப் பகுதியில் நேரம் போனதே தெரியவில்லை.) அதை வேறு எதால் ஈடுகட்டுவது?

பெரிய தலைவலி பரிந்துரைக் கடிதம். கம்பெனி கமாண்டரும் பட்டாலியன் கமாண்டரும் தருவார்கள், ஆனால் மூத்த வாரண்ட் ஆபீசர் பைலட் ஒருவருடைய கடிதத்துக்குத்தான் எடை அதிகம் என்கிறார்கள், எங்கள் பிரிவில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் நேரே போய், என்னோடு அரைமணி பேசிப் பாருங்கள், பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று கேட்கலாமா, இல்லை அது அதிகப்பிரசங்கித்தனமா?

அப்புறம், சொந்தக் காசில் தனியார் பயிற்சிப் பள்ளியில் பத்து மணி நேரம் பறந்தால் தேர்வுக் குழு மதிக்குமா, அல்லது அந்தப் பணத்தில் பட்டப்படிப்பை முடிப்பது மேலா? என் மனம் பறப்பதையே சொல்கிறது, அதனால்தான் அதை நம்பவில்லை.

பறப்பதற்கான மருத்துவப் பரிசோதனை இன்னும் பாக்கி. பயிற்சி முடிந்தபின் 10 வருடம் சேவை செய்ய வேண்டும் என்பது தெரியும், சம்மதம்தான். 'ஏன் வாரண்ட் ஆபீசராக விரும்புகிறேன்' கட்டுரையை யாராவது படித்துப் பார்த்துத் தயங்காமல் வெட்டித் தள்ளத் தயாரென்றால் அனுப்புகிறேன்.