பதில்: இன்வேட்டருக்கு ‘மின்மாற்றி’ வேண்டாம், ‘ஆடலாக்கி’ சரிவருமா?

வணக்கம் அண்ணை,

பற்றரியின் 12 வோல்ற்றை வீட்டுக் கரண்ட் மாதிரி 230 வோல்ற்றாக்கித் தருகிற இன்வேட்டருக்குத் தமிழில் ‘மின்மாற்றி’ என்றே விட்டுவிடலாம், எல்லோருக்கும் விளங்கும் என்று எழுதியிருந்தீர்கள். விளங்காமல் போன கதையைச் சொல்கிறேன்.

கனடாவில் இருந்து வரும் குடும்பம் ஒன்று இலங்கையைச் சுற்றிப் பார்ப்பதற்காக, யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு கராஜில் பழைய வானுக்குள் படுக்கை, அடுப்பு, சின்ன பிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்குகிறார்கள். பொருத்தும் குறிப்பைத் தமிழில் எழுதுவது என் வேலை. ‘மின்மாற்றியைப் பற்றரிக்குப் பக்கத்தில் பொருத்துக’ என்று எழுதிக் கொடுத்தேன். பொருத்துகிற பாஸ் (கைவேலைக்காரர்) வாசித்துவிட்டு, “தம்பி, ட்ரான்ஸ்போமர் எதுக்கு வானுக்குள்ள?” என்றார். பிழை அவரில் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்மாற்றி என்றால் ட்ரான்ஸ்போமர்தான். இலங்கையில் நாங்கள் அதை நிலைமாற்றி என்று படித்தது.

‘பக்கத்தில்’ என்ற சொல் அதைவிடக் கெடுத்தது. சாமானைக் காட்டிய பிறகு மனிதர் அதைப் பற்றரிப் பெட்டிக்குள்ளேயே இறுக்கிவிட்டார். அமிலம் ஊற்றும் ஈயப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் விடும். இன்வேட்டருக்குள் ஒரு பொறி பறந்தால் போதும். கழற்றி, இருக்கைக்குக் கீழே, நடுவில் பலகை அடித்து, சூடு போகக் காற்றுத் துளையும் விட்டு மாற்றினோம். தூரக் கொண்டுபோகவும் வழியில்லை. 1000 வாற்று எடுக்க 12 வோல்ற்றுப் பக்கத்தில் 83 அம்பியர் ஓட வேண்டும், இழப்போடு 90ஐத் தாண்டும். நீளம் கூடக்கூட வயரிலேயே மின்னழுத்தம் விழுந்து, பிரிட்ஜ் தொடங்குகிற நேரம் இன்வேட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். 230 வோல்ற்றுப் பக்கத்தில் அதே வேலைக்கு நாலரை அம்பியர்கூட வராது. அந்த வயரை வானின் கடைசி மூலை வரை இழுக்கலாம்.

ஆகவே எந்தப் பக்கம் எது என்பதைப் பெயரே சொன்னால் நல்லது. பற்றரி தருகிற நேரோட்டம் (DC), வீட்டுக் கரண்டான ஆடலோட்டம் (AC) இரண்டும் எங்கள் பள்ளிக்கூடச் சொற்கள். ஆடலோட்டத்தை நேரோட்டம் ஆக்குவது சீராக்கி. அதை மறுவளமாகச் செய்வது ஆடலாக்கி.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து என்னைக் கையால் மிதியைச் சுற்றச் சொல்லிவிட்டு, டைனமோவில் ரேடியோ கேட்பார். டைனமோ தருவது ஆடலோட்டம். இடையில் நாலு டயோட்டை ஒரு தீப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். அந்தத் தீப்பெட்டிதான் நான் கண்ட முதல் சீராக்கி. செய்தி முடியும் வரை கை ஓயக்கூடாது. இன்வேட்டர் என்ற ஆங்கிலப் பெயரும் இதே சோடியில் இருந்து வந்ததுதான்: சீராக்கிச் சுற்றைத் தலைகீழாக்கியதால் அப்பெயர் என்று அமெரிக்கப் பொறியியலாளர் டேவிட் பிரின்ஸ் 1925இலேயே எழுதிவிட்டார்.

மற்ற நண்பர் சொன்ன ‘மின்புரட்டி’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் புரட்டு என்றால் ஊரில் வேறு அர்த்தம். கரண்ட் பில்லில் கள்ளவேலை செய்கிற சாமான் என்று நினைப்பார்கள்.

‘ஆடல்’ என்றால் நடனம், சிரிப்பார்கள் என்கிறீர்கள். ஊஞ்சலும் ஆடுகிறது, பல்லும் ஆடுகிறது. செக்கனுக்கு 50 தரம் போய்வருகிற ஓட்டத்துக்கு அதைவிட என்ன சொல் வேண்டும்? ஆடலோட்டத்தை மாறுதிசை மின்னோட்டம் என்று படித்தவர்களுக்கு முதலில் தடக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ‘மாறுதிசையாக்கி’ என்று நீட்டினால் பாஸ் மறுபடியும் இன்வேட்டர் என்றுதான் சொல்லுவார்.

வானுக்குக் ‘கூடாரவண்டில்’ என்று பெயர் வைக்க எனக்கு ஆசை, அதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்குக் குறிப்பை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘ஆடலாக்கியைப் பற்றரிப் பெட்டிக்கு வெளியே, தடுப்புக்கு அப்பால் பொருத்துக. நேரோட்ட வயர் ஒரு மீற்றருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்க. உருகி பற்றரியின் நேர்முனைக்கு அருகில் இருக்க வேண்டும்.’

‘தடுப்பு’ போதுமா, ‘தடுப்புப் பலகை’ என்று போடவா? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேணும்.