அடித்த பிறகு அது சாரை என்று தெரிந்து என்ன பயன்?

காவிரிக்கரையான்:
நேற்றுச் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு சாரையை அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஆறடிக்குக் குறையாது. வைக்கோல் போரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்ததாம். நான் வயலிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்து, வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஏன் அடித்தீர்கள் என்று கேட்டால், "சாரைதான் நல்ல பாம்புக்கு ஆண், விட்டால் பின்னாலேயே ஜோடி வரும்" என்கிறார் ஒரு பெரியவர். சாரையிலும் ஆண் பெண் உண்டு, நல்ல பாம்பிலும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. சாரைக்கு நச்சுப்பல் கிடையாது. நம் நெல்லைத் தின்னும் எலியை வளைக்குள்ளேயே புகுந்து பிடிப்பது அதுதான். பார்த்ததும் அடிக்கிற பழக்கத்தை விட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

முல்லைப்பந்தல்:
அண்ணா, வயலில் இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்தால் அடிக்கத்தான் வேண்டும். என் தம்பிக்கு அப்போது 19 வயது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவன், விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தான். கடித்த தடமே தெரியவில்லை. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். ஐந்து மணிக்கு, "அக்கா, கண்ணைத் திறக்க முடியல" என்றான். இமை அப்படியே தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. பாயைச் சுருட்டியபோதுதான் அடியில் கட்டுவிரியன் கிடந்ததைப் பார்த்தோம். அதற்குப் பிறகு எனக்கு எல்லாப் பாம்பும் ஒன்றுதான்.

காவிரிக்கரையான்:
படித்ததும் மனசு கனத்துவிட்டது, தங்கச்சி. உங்களிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை.

புற்றுமண்:
நான் பேசுகிறேன், அக்கா. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். அங்கே பானைகளில் வைத்திருப்பது முக்கியமாக நான்கு வகை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் 300 வகைக்கு மேல் பாம்புகள் இருந்தாலும், பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பகுதி இந்த நான்கால்தான்.

கட்டுவிரியனைப் போலவே இருக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷம் இல்லை. பல்லி தேடிச் சுவரேறி வீட்டுக்குள் வரும். அதற்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் வெறும் பளபளப்பான கறுப்பு, கொஞ்சம் தள்ளித்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. முதுகு நடுவில் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும்.

முல்லைப்பந்தல்:
தம்பி, ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லாத வீட்டில், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டை கழுத்தில் தொடங்குகிறதா வாலில் மங்குகிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்கிறீர்களா?

பனங்காட்டு ராசா:
அக்கா சொல்வதுதான் சரி. அப்புறம், சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொண்டு நிற்பதை எங்கள் கொல்லையில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கதை இல்லை.

புற்றுமண்:
பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும், ராசா அண்ணா. ஆனால் நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளாக இருக்க வேண்டும். இனச்சேர்க்கைக் காலத்தில் இரண்டு ஆண்கள் முன்னுடம்பைத் தூக்கி, கயிறு முறுக்கியது போலப் பின்னி, ஒன்றையொன்று கீழே அழுத்தப் பார்க்கும். அது மல்யுத்தம். படம் எடுத்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பனங்காட்டு ராசா:
படம் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே நிறம்தான். சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளைச்சீருடை:
பதினோரு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். குனிந்து பார்க்காதீர்கள், அக்கா, அது உங்கள் வேலை இல்லை. ஆனால் அடிக்கவும் போகாதீர்கள். எங்களிடம் கடிபட்டு வருகிறவர்களில் எத்தனையோ பேர் அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள். செத்த பாம்பைப் பையில் போட்டு எடுத்து வருகிறார்கள், அதுவும் தேவையில்லை. நம் ஊர் விஷமுறிவு மருந்து அந்த நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்து. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு என்று தெரிந்துவிடும். கட்டுவிரியனுக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்கு இமையைப் பார்ப்போம், விழுங்க முடிகிறதா என்று பார்ப்போம், மூச்சு திணறினால் கருவி வைப்போம். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால், தடம் தெரியாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள்.

முல்லைப்பந்தல்:
அன்றைக்கு இதைச் சொல்ல யாரும் இல்லையே அம்மா.

புற்றுமண்:
அக்கா, இன்னும் ஒன்று. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தரையில் தூங்குகிறவர்களுக்குத்தான். கட்டில் போடுங்கள். முடியாவிட்டால் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். விறகையும் செங்கலையும் சுவரோரம் அடுக்காதீர்கள். பாம்பு உள்ளே வந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருவர் தூர நின்று பார்த்துக்கொள்ளட்டும். தீயணைப்புத் துறைக்கு 101. அவர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

முல்லைப்பந்தல்:
கொசுவலை நாளைக்கே வாங்குகிறேன். 101-ஐச் சுவரில் எழுதி வைக்கிறேன். காவிரிக்கரை அண்ணா, உங்கள் வைக்கோல் போர்ச் சாரையை நான் பார்த்திருந்தால் விட்டிருப்பேன், அது வேறு. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை கம்பு என் கையில்தான் இருக்கும். அதை மட்டும் கீழே போடச் சொல்லாதீர்கள்.

காவிரிக்கரையான்:
சொல்ல மாட்டேன், தங்கச்சி.